தம்பிக்குக் காது பார்த்த கதை

தம்பி பிறக்கும்வரை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆறு வருடம் தனியாக ஆண்டு அனுபவித்தவளிடம், ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றைக் காட்டி, இனிமேல் எல்லாவற்றிலும் இவனுக்குப் பாதி என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கு வரவில்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், நான் பொறாமைக்காரி. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பயந்து சொல்கிறாரா என்று தெரியவில்லை.

அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் அப்பாவின் பாசத்தைப் பங்கு போடுவதில் எங்களுக்குள் தகராறே இல்லை. அது இரண்டு பேருக்கும் சமமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தகராறெல்லாம் அம்மாவுக்காகத்தான்.

தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். டிவி முன்னால் மூக்கு இடிக்கும் தூரத்தில் உட்காருவான். ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். அம்மா கொஞ்ச நாள் அதை நம்பினாள். பிறகு நம்பிக்கை போய்விட்டது. அன்றிலிருந்து அவள் கண் அவன் மேலேயே இருந்தது.

அதனால் எனக்கு என்னென்ன நஷ்டம் என்று நான் ஒரு கணக்கே வைத்திருந்தேன். இரட்டைச் சடை ஒற்றைச் சடை ஆனது. அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கும் இடம் போனது. வயிற்றுவலி என்று சொன்னால் முன்பெல்லாம் பெருங்காயம் கரைத்துத் தொப்புளில் தடவுவாள். இப்போது, "போய்ப் படு, செரியாப் பூடும்" என்பாள், அதுவும் அவனைப் பார்த்துக்கொண்டே. ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குத் திருக்குறள் ஒப்புவிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா கண்டிப்பாக வருகிறேன் என்றாள். அன்றைக்குப் பார்த்து தம்பிக்குக் காது டாக்டரிடம் டோக்கன் கிடைத்துவிட்டது. மேடையில் நின்று பார்க்கிறேன், எல்லார் அம்மாவும் இருக்கிறார்கள், என் அம்மாவைக் காணவில்லை. எனக்கு ஒரு சில்வர் டப்பா பரிசு கொடுத்தார்கள். அதை வீட்டில் கொண்டுவந்து காட்டினால், அம்மா அதில் தம்பிக்குப் பிஸ்கட் போட்டு மூடி வைத்தாள்.

அந்தக் காது டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வெளியே ஒரு கோளாறும் தெரியவில்லை, எவ்வளவு கேட்கிறது என்று டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றாராம். சின்னப் பிள்ளையிடம் கேட்கிறதா கேட்கிறதா என்று கேட்டு டெஸ்ட் எடுக்க முடியாது. அதனால் வீட்டிலேயே ஒரு விளையாட்டைப் பழக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பிள்ளை கையில் ஒரு மணியைக் கொடுத்துக் கன்னத்தருகே பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் அதை டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள் அம்மா. தம்பியைப் பாயில் உட்கார வைத்து முன்னால் டப்பா. என் பழைய பாசிமாலையை அறுத்து மணி எடுத்தாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்று கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். அவன் மணியைக் கன்னத்தில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பான். நான் அவனுக்கு எதிரே வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அம்மா எப்போது என் பக்கம் வருவாள் என்று காத்திருப்பேன். அம்மா தட்டிக்கொண்டே இருப்பாள். வகுத்தல் கணக்கு அப்படியே கிடக்கும்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா தட்டியதும், போட்டுத் தொலையேன்டா என்கிற ஆத்திரத்தில் கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் யாராவது ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவன் வழக்கம். மணியை டப்பாவில் போட்டுவிட்டான்.

அம்மா போட்ட சத்தத்தில் அப்பாவே எழுந்துவிட்டார். ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் எனக்கு எதிரில் இருந்ததால் அந்த அணைப்பில் நானும் சேர்ந்து அகப்பட்டேன். அம்மாவின் கழுத்தில் மஞ்சள் வாசமும் வியர்வையும். எத்தனையோ மாதம் கழித்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் என்ன, அம்மா அடுப்படியில் இருக்கும்போது அவனை உட்கார வைத்து நானே பழக்கினேன். உதட்டை மடித்தால் மணியைப் போட வேண்டும். போட்டால் கடலை மிட்டாயில் ஒரு துண்டு. இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். அதன் பிறகு அம்மா டம்ளரைத் தட்டும்போதெல்லாம் மணி தவறாமல் விழுந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே ஆச்சரியம். அதற்கும் ஒரு பொறாமை வந்தது. என் திட்டம் எளிமையானது: இவனுக்குக் காது கேட்கிறது என்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை, விளையாட்டு இல்லை, அம்மா திரும்பி வந்துவிடுவாள். அவனுக்கு நிஜமாகவே கேட்கிறதா இல்லையா என்பதை நான் யோசிக்கவே இல்லை. அது என் வேலையும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

டெஸ்ட் எடுக்க மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடிக்குப் போனோம். சனிக்கிழமைகளில் மட்டும் வெளியூரிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்து உட்காருவார். காது மெஷின் விற்கிறவர், டெஸ்டும் அவரே எடுப்பார். ஜன்னல் திறந்திருந்தது, கீழே பஸ் ஹாரன், தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. தம்பியின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். அவனுக்குப் பின்னால் மேஜையும் டெஸ்ட் மெஷினும். அம்மா மேஜையருகில் நின்றாள். "அக்கா எதிர்ல ஒக்காந்தா பையன் அழ மாட்டான்" என்று நானே சொல்லி முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

ஹெட்போனுக்குள் வரும் சத்தம் எனக்குக் கேட்காது. ஆனால் அவர் விரல் பட்டனை அழுத்துவது தெரிந்தது. விரல் அழுந்தும், என் உதடு மடியும், மணி விழும். அவர் பையனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மணி விழும் சத்தத்தைக் கேட்டுக் காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

"ஒண்ணும் இல்ல சார். காது சூப்பராக் கேக்குது. பேச்சு தானா வரும். மெஷின்லாம் வேணாம்" என்றார்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "மெஷின் விக்கிறவனே மெஷின் வேணாம்னு சொல்றான் பாரு! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா!" விற்கிற பொருளை வேண்டாம் என்று சொல்கிறவர் யோக்கியராகத்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அந்த யோக்கியத்தனத்துக்கு ஒரு பத்து வயதுப் பெண்ணின் உதடுதான் காரணம் என்று அப்பாவுக்குத் தெரியாது. கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேரை, அவர்களுடைய வயசான அப்பா அம்மாவோடு, அவரிடமே அனுப்பியும் வைத்தார்.

எனக்கு ராஜயோகம் ஆரம்பித்தது. அம்மா மணியையும் டம்ளரையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். என் சடை மறுபடியும் இரட்டையானது. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். சில சமயம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ வெறித்துக்கொண்டு இருப்பாள். நான் அவள் முகவாயைப் பிடித்து நோட்டுப் பக்கம் திருப்புவேன். தம்பி மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருப்பான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பஸ் ஓட்டினால் ட்ருர்ரென்று வாயால் சத்தம் கொடுப்பார்கள். இவன் கொடுக்க மாட்டான்.

இதையெல்லாம் கவனித்தவர் மாமாதான். அம்மாவுக்குத் தம்பி. அண்ணாமலை நகரில் ஒரு ஆஃபீசில் கிளார்க். தீபாவளிக்கு வந்தவர், தம்பிக்குப் பின்னால் நின்று அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பி, வாங்கித் தின்றான்.

"மாமா, இவனுக்குக் கேக்கல" என்றார் அப்பாவிடம்.

"யோவ் மச்சான், டெஸ்ட் எடுத்து எழுதியே குடுத்திருக்கான். மெஷின் விக்கிறவனே..."

"அந்தக் கதைய நூறு வாட்டி சொல்லிட்டீங்க. ஆளு யோக்கியனா இருந்தாப் போதுமா? வேல தெரியணும் இல்ல?"

சண்டை வலுத்தது. அம்மா நடுவில் வந்து, "விடுங்களேன். இன்னும் கொஞ்ச நாளு பாக்கலாம்" என்றாள். அம்மா என் கட்சி என்று எனக்குச் சந்தோஷம்.

மாமா விடுகிற ஆள் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது ஒரு கதையோடு வந்தார். சிதம்பரத்திலும் சுற்று வட்டாரத்திலும் விசாரித்து, காது டெஸ்ட் எடுக்கும் மூன்று இடங்களுக்கு அவரே நோயாளியாகப் போயிருக்கிறார். "எனக்குக் காது செரியா கேக்க மாட்டேங்குது" என்று சொல்லி, கேட்டும் கேட்காத மாதிரி நடித்திருக்கிறார்.

"மொத எடத்துல என் காதுக்குள்ளகூடப் பாக்கல. நேரா எந்த மெஷின் வேணும்னு கேக்குறான். ரெண்டாவது எடத்துல டெஸ்ட் எடுத்தாங்க, நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டு ரெண்டு காதுக்கும் மெஷின்னுட்டாங்க. மூணாவது ஒரு மேடம். எங்க வேல, எத்தினி நாளா இருக்கு, வீட்ல வேற யாருக்காவது இருக்கான்னு அர மணி நேரம் கேட்டாங்க. காதுல லைட் அடிச்சிப் பாத்தாங்க. ஒரு ரூமுக்குள்ள உட்டுக் கதவ சாத்துனாங்க, உள்ள என் மூச்சு எனக்கே கேக்குது. வெளிய வந்ததும், 'உங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. எதுக்கு நடிக்கிறீங்க?'ன்னாங்க. மானமே பூடுச்சி. அந்த மேடம்தான் நமக்கு வேணும்."

அப்பா சிரித்துவிட்டார். "செரி, பாக்கலாம்" என்றார். அம்மா மட்டும், "இப்ப வேணான்டா, பனி காலம், புள்ளைக்குச் சளி" என்றாள். சளி போன பிறகு வேறொன்று சொன்னாள்.

அதற்குள் தைப்பூசம் வந்துவிட்டது. வடலூரில் ஜோதி பார்க்கப் போயிருந்தோம். கூட்டத்தைச் சொல்லி முடியாது. ஜோதி பார்த்துவிட்டு வெளியே வந்து, அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பியின் கையை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வளையல் கடையைப் பார்த்து ஒரு நிமிடம் விட்டுவிட்டேன். திரும்பினால், பத்துப் பதினைந்து அடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறான். ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக பஸ்.

அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொரிகடலை விற்கிறவர் திரும்பினார். மொட்டைத் தலைகள் திரும்பின. அருட்பா பாடிக்கொண்டு போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். யாரோ ஒரு போலீஸ்காரர்தான் பஸ்ஸுக்கு முன்னால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

கையை ஏன் விட்டாய் என்று அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்த ரோட்டையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "சிதம்பரம் போலாங்க" என்றாள்.

அடுத்த வாரமே போனோம். மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது அந்த இடம். மாமா படிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, முகம் காட்ட வெட்கப்பட்டு ஆஃபீசுக்குப் போய்விட்டார். உள்ளே இருந்த மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி. அப்பா "டாக்டர்" என்று கும்பிட்டார்.

"நான் டாக்டர் இல்ல சார், ஆடியாலஜிஸ்ட். காதுல சீழு, வலின்னா அதுக்கு டாக்டர். எவ்ளோ கேக்குது, எந்த சத்தம் கேக்குது, எது கேக்கலன்னு அளந்து, மெஷின் வேணும்னா காதுக்கு ஏத்த மாதிரி அத வெச்சி, அது செரியா வேல செய்யுதான்னு திரும்பத் திரும்பப் பாக்கறது எங்க வேல. இன்னைக்கு வந்துட்டு அப்பால வராம பூடறதுன்னா மொதல்லயே சொல்லிடுங்க."

அப்பா பழைய டெஸ்ட் காகிதத்தைப் பெருமையாக நீட்டினார். அந்த மேடம் வாங்கிப் பார்த்தார். "அந்த ரூம்ல ஃபேன் ஓடுச்சா?" என்று மட்டும் கேட்டு, மடித்து மேஜையில் வைத்துவிட்டார். பிறகு தரையில் தம்பியோடு உட்கார்ந்துகொண்டார். அவன் பஸ்ஸை அவர் பக்கம் ஓட்டினான், அவர் திருப்பி ஓட்டினார். அப்படியே அம்மாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்தபோது அழுதானா, மஞ்சள் காமாலை வந்ததா, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா. நடுவே சட்டென்று என்னிடம் திரும்பினார்.

"நீ அவன எப்படிம்மா கூப்புடுவ?"

அன்றுவரை இந்த விஷயத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கிட்டப் போயித் தட்டுவேன் மேடம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டெஸ்ட் அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் சிதம்பரமே காணாமல் போய்விட்டது. நான் வழக்கம்போல எதிரில் உட்காருகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. தம்பிக்குப் பின்னால் மெஷினோடு அவர், அவனுக்கு எதிரே நான். அம்மாவும் அப்பாவும் என் முதுகுக்குப் பின்னால், கதவோரம். விரல் அழுந்தியது, உதட்டை மடித்தேன், மணி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏழெட்டு முறைக்குப் பிறகு அவர் நிமிர்ந்து, தம்பியின் பின்தலைக்கு மேலாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பட்டனிலிருந்த கையைப் பக்கத்தில் இருந்த வெறும் மேஜைப் பலகைக்குக் கொண்டுபோனார். ஆள்காட்டி விரலால் பலகையை அழுத்தினார். என் உதடு பழக்கத்தில் மடிந்துவிட்டது. மணி விழுந்தது. அப்போதுதான் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீ இப்பிடி என் பக்கத்துல வந்து ஒக்காரு கண்ணு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். தம்பிக்கு எதிரே இப்போது வெறும் சுவர். அவர் பட்டனை அழுத்தினார். சத்தத்தைக் கூட்டும் திருகை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பினார். ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கே கேட்டது, ரயில் ஊதுவது மாதிரி. தம்பி மணியைக் கன்னத்தில் வைத்தபடி காத்திருந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அறை முழுவதும் என்னைத் தேடினான். கண்டுபிடித்ததும் சிரித்தான். மணி அவன் கையிலேயே இருந்தது.

மதியம் ஒரு மருந்து கொடுத்து அவனைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி இன்னொரு டெஸ்ட் எடுத்தார். "இதுல மூளையே பதில் சொல்லும். யாரும் சொல்லிக் குடுக்க முடியாது" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அது முடிந்ததும் எங்களை உட்கார வைத்தார்.

"ரெண்டு காதுலயும் ரொம்ப ஜாஸ்தியாக் கொறஞ்சிருக்கு. மெஷின் வெச்சிப் பேச்சுப் பயிற்சி குடுத்தா பேசுவான். ஆனா இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம். அந்த மொத டெஸ்ட்டுல நடந்தது என்னன்னா, உங்க பொண்ணு எதிர்ல ஒக்காந்து அவனுக்கு சைகை பண்ணியிருக்கா."

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எழுந்தார். "ஏழு மாசம்!" என்றார். "ஏழு மாசத்த வீணாக்கிட்டியேடி!" கை ஓங்கியபடி என் பக்கம் வந்தார். அப்பா என்னை அதுவரை அடித்ததே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் நடுவில் அம்மா நிற்கிறாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

"அவள ஒண்ணும் பண்ணாதீங்க. அவ சின்னப் புள்ள. ஒதட்ட மடிச்சி மடிச்சிக் காட்டுவா, எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் இருந்தேன். தப்பு என் மேல."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்த மேடம் அப்பாவிடம், "சார், வெளிய போயித் தண்ணி கொண்டாங்க" என்றார். அப்பா போனதும், அம்மா அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தம்பியின் காதில் ரோஸ் கலரில் ஒரு மாவை அடைத்து அச்சு எடுத்தார். மெஷின் வர இரண்டு வாரம் ஆகும், வந்த பிறகு முதல் மாதம் வாராவாரம் வர வேண்டும் என்றார்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் தம்பி மருந்து மயக்கம் தீராமல் அப்பா மடியில் தூங்கினான். அம்மாவின் மடி காலியாக இருந்தது. நான் தலையை வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் முடியைக் கோதிக்கொண்டே வந்தாள். எங்கள் குடும்பத்துக்கு அதைவிட மோசமான நாள் இருந்ததில்லை. எனக்கோ அதைவிட நல்ல நாள் இருந்ததில்லை. எனக்காக அம்மா பொய் சொல்லியிருக்கிறாள்! அந்த மேடத்துக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால், என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பிக்காக அவள் அலைந்ததெல்லாம் இதற்கு ஈடாகுமா?

இதை வைத்துக்கொண்டு நான் வெகுகாலம் பிழைத்தேன். தம்பிக்கு மெஷின் வந்தது. அம்மா நாள் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இது கத்திரிக்காய், இதை நறுக்குகிறேன், இது எண்ணெய், காய்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் தண்ணிக்கு 'தண்' என்றான். பிறகு முழுசாகச் சொன்னான். அவன் ஏழாம் வகுப்பு வருவதற்குள் என்னோடு வாய்ச்சண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். சண்டையில் தோற்கப்போகிறான் என்று தெரிந்தால் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான், நான் கத்தியது வீண். அம்மாவுக்கு யார் செல்லம் என்ற வழக்கு வரும்போதெல்லாம் நான் சிதம்பரத்தை எடுத்து வீசுவேன். "உனக்கு மெஷின்தான் வாங்கிக் குடுத்தாங்க. எனக்காக அம்மா பொய்யே சொன்னாங்க." உடனே அவன் கை மெஷினுக்குப் போகும்.

போன வருடம் என் மகள் காதுகுத்துக்கு வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ போய்ச் சிதம்பரத்தில் வந்து நின்றது. நான் வழக்கம்போல முழுக் கதையையும், அந்த மேடம் பேசியது, அம்மா பேசியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவன் பழைய வழக்கப்படி என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த மேடம் சைகைன்னுதான சொன்னாங்க?" என்றான். "ஒதடுன்னு சொல்லலயே. நீ அம்மாகிட்ட சொல்லியிருந்தியா?"

"இல்லடா, யாருகிட்டயும் சொன்னதில்ல."

"அப்ப அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டான். நான் பந்தி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா எதிர்ப் பக்கம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

அம்மா அன்று பொய் சொல்லவில்லை. எனக்கு அம்மா வேண்டியிருந்தது, அதற்காக நான் உதட்டை மடித்தேன். அவளுக்குத் தன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, அதற்காக அவள் என்னைத் தடுக்கவில்லை. ஏழு மாதம் நாங்கள் இரண்டு பேரும் கூட்டு. தம்பிக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் என் முகம் தெரியாமல் எப்படி இருக்கும்? அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று நான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், டம்ளரைத் தட்டிவிட்டு அவள் ஒவ்வொரு முறையும் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.